ரெண்டு மாத்திரைக்குக் கிடைத்த நல்ல பேர்

"காய்ச்சல், இருமல். மெடிக்கலில் சொல்லி அசித்ரோமைசின்னு ஆன்டிபயாடிக் மாத்திரை ரெண்டு வாங்கிப் போட்டேன், மறுநாளே கேட்டது. இதில் என்ன தப்பு?" கொத்து வேலை பார்க்கும் ஒரு வாசகரின் கேள்வி இது.

டாக்டரிடம் போனால் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, அதோடு அன்றைய கூலியும் போச்சு. மெடிக்கலிலோ அட்டையைக் கத்தரியால் நறுக்கி ரெண்டே ரெண்டு தருவார்கள் (காலாவதி தேதி பெரும்பாலும் மிச்சத் துண்டோடு பெட்டிக்குள் போய்விடும்). இதை வெறும் அறியாமை என்பவர்கள் தினக்கூலியில் வாழ்ந்ததில்லை.

சரி, மாத்திரை எப்படிக் கேட்டது? சளிக்காய்ச்சல் பெரும்பாலும் வைரஸ் வேலை. முதல் நாள் தொண்டை கரகரக்கும். சுக்குக் கசாயம் குடிப்போம். இரண்டாம் நாள் பாராசிட்டமால். மூன்றாம் நாள் உடம்பு அடித்துப் போட்டது போலாகும், அன்றைக்குத்தான் மெடிக்கலுக்கு நடப்போம். சாதாரணச் சளிக்கு உச்சமும் ஏறக்குறைய அந்த நாள்தான். அதற்குள் நம் எதிர்ப்பு அணுக்கள் வைரஸை மடக்கத் தொடங்கியிருக்கும்; இனி இறங்குமுகம். அந்த நேரத்தில் மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தாலும் பேர் கயிற்றுக்குத்தான். கடைக்காரரும் இப்படியேதான் ஏமாறுகிறார்: குணமானவர் திரும்பி வந்து அதே மாத்திரையைக் கேட்கிறார், குணமாகாதவர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார்.

அசித்ரோமைசின் பாக்டீரியாவின் ரைபோசோமில், அதாவது புரதம் தயாரிக்கும் பட்டறையில், போய் அடைத்துக்கொள்ளும் மருந்து. வைரஸுக்குச் சொந்தப் பட்டறையே கிடையாது. நம் செல்லின் பட்டறையில் ஓசியில் வேலை வாங்குகிறது. அதனால் மாத்திரை வைரஸை விட்டுவிட்டு, குடலில் சும்மா இருந்த பாக்டீரியாக்களைத் தாக்கும். உடம்பில் இந்த மருந்து பாதியாகக் குறையவே சுமார் 68 மணி நேரம் ஆகும். பல நாள் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறபோது, தாக்குப்பிடிக்கும் பாக்டீரியாக்கள் மட்டும் பெருகும். அந்தத் திறனுக்கான மரபணுவைப் பக்கத்து பாக்டீரியாவுக்கும் கைமாற்றிவிடும். நாளைக்கு நிஜமாகவே டைஃபாய்டு வந்தால் இதே மருந்து தேவைப்படலாம்.

சட்டம் இல்லாமலில்லை. செஃபிக்சிம் போன்ற சில ஆன்டிபயாடிக்குகளை விற்றால் யாருக்கு, எந்த டாக்டர் சீட்டில் என்று பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற ஹெச்1 விதி 2014 மார்ச்சிலிருந்தே அமலில் இருக்கிறது. எனக்கென்னவோ, சட்டத்தை இன்னும் இறுக்குவதைவிட அரசு பணத்தைச் சோதனைக் கருவிகளில் போடலாம் என்று தோன்றுகிறது. விரல்நுனி ரத்தத்தில் சிஆர்பி என்ற புரதத்தைச் சில நிமிடங்களில் அளந்து, பாக்டீரியா தொற்றாக இருக்குமா என்று ஓரளவு ஊகிக்கலாம். வியட்நாமில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைச் செய்து பார்த்தபோது ஆன்டிபயாடிக் கொடுப்பது குறைந்தது. அந்தச் சோதனை ரெண்டு மாத்திரை விலைக்கு, கொத்து வேலை முடிந்து வரும் நேரத்தில் கிடைக்க வேண்டும்.