குவாரன்டைன்: தனிமைப்படுத்தலா, தொற்றுத் தடைகாப்பா?

குவாரன்டைன் என்ற சொல், நாற்பது நாட்களைக் குறித்த இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்தது. ஏட்ரியாட்டிக் கரையிலுள்ள ரகுசா நகரம், அதாவது இன்றைய டுப்ரோவ்னிக், கொள்ளைநோய்க்கு அஞ்சி, நோயுள்ள இடங்களிலிருந்து வருவோரை முப்பது நாட்கள் ஊருக்கு வெளியே நிறுத்தவேண்டுமென 1377இல் விதித்தது. பின்னாளில் அது நாற்பதாக நீள, எண்ணே நடைமுறையின் பெயராயிற்று. இலங்கையில் 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதற்குச் சட்ட வடிவம் தந்தது. தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட தொழிலாளர்கள் தமிழகக் கரையிலுள்ள மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்ட துயரமும் இச்சொல்லின் வரலாறுதான்.

2020இல் கொவிட் பரவியபோது, குவாரன்டைனுக்குத் தமிழாக, ‘தனிமைப்படுத்தல்’ என்பது யாழ்ப்பாணத்தின் ஒவ்வொரு வீட்டிலும் புழங்கியது. ஆனால், 2007 ஜூன் 15 முதல் நடைமுறையிலுள்ள, உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகள் இரு செயல்களை வேறுபடுத்துகின்றன: நோயுற்றவரைப் பிறரிடமிருந்து பிரித்துவைப்பது ஒன்று; நோயில்லாத, ஆனால் தொற்றுக்கு ஆளாகியிருக்கலாம் எனச் சந்தேகிக்கப்படுபவரின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவது மற்றொன்று. குவாரன்டைன் இரண்டாவதையே குறிக்கும். சந்தேகத்துக்குரிய பயணப்பொதி, சரக்கு, கப்பல் ஆகியவையும் அதில் அடங்கும். கப்பலுக்கு ஏது தனிமை? ஆகவே ‘தொற்றுத் தடைகாப்பு’ என்பதே எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. முதலாவதற்கு ‘நோயாளரைப் பிரித்துவைத்தல்’ போதும்.

இந்த வேறுபாடு எங்கள் பிராந்திய சுகாதாரப் பணிமனைகளுக்கு நேரடியாகவே தேவைப்படுகிறது. ஒழுங்குவிதிகள் கட்டுப்படுத்துவது அரசைத்தான் என்றாலும், வழமைக்கு மாறான நோயையோ மரணத்தையோ கண்டறிந்து மேலே அறிவிக்கும் ஆற்றல் ஊர் மட்டத்திலேயே இருக்கவேண்டுமென அவற்றின் முதலாம் இணைப்பு வலியுறுத்துகிறது. அவசர அறிக்கைகளை நாடு 48 மணி நேரத்துக்குள் மதிப்பிட்டு, அறிவிக்கத்தக்கதெனக் கண்டால் அடுத்த 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்கவேண்டும். அந்தத் தகவலோ, தொற்றுநோயை அறிவிக்க வைத்தியர் நிரப்பும் 544ஆம் இலக்கப் படிவத்திலிருந்தும், அதைப் பெறும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து வீடு தேடிச் செல்லும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் விசாரணையிலிருந்தும் மேலே போகிறது. கொழும்பின் கடமை ஊரில் தொடங்குகிறது என்பதை ஆளணியும் வாகனமும் ஒதுக்குவோர் மறக்கக்கூடாது.

பலாலியில் 2019இல் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டு, 2023இல் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே பயணிகள் கப்பலும் ஓடத் தொடங்கிவிட்டதால், இச்சொற்கள் இங்கு அறிவித்தல்களிலும் உத்தரவுகளிலும் இடம்பெறும். எவருக்கு எந்தக் கட்டுப்பாடு, எத்தனை நாள் என்பதை வீட்டுவாசலில் கேட்கும் குடும்பத்துக்கு, ‘தனிமைப்படுத்தல்’ என்ற ஒற்றைச் சொல் விடை தராது.