பேர் சொல்லாத வேர்

விளக்கு வைத்த பிறகு நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் எங்கள் அம்மாச்சி வசம்பு என்று வாய்விட்டுக் கேட்க மாட்டார். "பேர் சொல்லாதது ரெண்டு துண்டு குடுங்க" என்பார். கடைக்காரரும் மறு கேள்வி கேட்காமல் பழுப்பு நிறத்தில் கணுக்கணுவாக இருக்கும் இரண்டு துண்டுகளை எடுத்துப் பொட்டலம் கட்டிவிடுவார். பேரைச் சொன்னால் அதன் வீரியம் போய்விடும் என்பது அம்மாச்சியின் நம்பிக்கை. பிள்ளை மருந்து, பிள்ளை வளர்ப்பான் என்றும் அதற்குப் பெயர்கள் உண்டு.

ஆனால் இந்தப் பேர் சொல்லாததன் வடமொழிப் பெயருக்கு என்ன பொருள் தெரியுமா? வசா என்றால் பேச்சு. குழந்தைக்குச் சீக்கிரம் பேச்சு வரவேண்டும், நாக்குத் தடிக்காமல் சொல் தெளிவாக வரவேண்டும் என்றுதான் அதை நாக்கில் தடவினார்கள். கேரளத்தில் வயம்பு என்பார்கள். அங்கேயும் பொன்னோடு சேர்த்து இழைத்துப் பிறந்த குழந்தையின் நாவில் தொட்டு வைக்கும் வழக்கம் உண்டு. பேச்சைத் தரும் மருந்தின் பேரைப் பேசக்கூடாது என்று வைத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்த வேரைப் பற்றியது. சரியாகச் சொன்னால் அது வேர்கூட இல்லை. சேற்றுக்குள் படுத்தபடி வளரும் தண்டு. இஞ்சி, மஞ்சள் மாதிரி. குளத்தோரம், வாய்க்கால் ஓரம், சதுப்பு நிலம் இதெல்லாம் அதற்குப் பிடித்த இடம். மேலே வாள் மாதிரி நீண்ட இலைகள். கசக்கி முகர்ந்தால் இலையிலும் அதே வாசனை வரும். கர்நாடகத்தில் துமகூரு மாவட்டத்துக் கொரட்டகெரே பக்கம் நெல்வயல் போலத் தண்ணீர் கட்டி இதைப் பயிரிடுகிறார்கள். அங்கே இதற்குப் பஜெ என்று பெயர்.

தாவரவியலாளர்களுக்கு இது தனிக் கவர்ச்சி உள்ள செடி. நெல், தென்னை, வாழை, புல் எல்லாம் அடங்கிய ஒருவித்திலைக் குடும்பத்தின் வம்சாவளியை மரபணு கொண்டு வரைந்து பார்த்தால், மற்ற அத்தனைக்கும் முன்னால் முதலாவதாகப் பிரிந்த கிளை வசம்பின் கிளைதான். அந்தக் கிளையில் இன்று மிஞ்சியிருப்பது இந்த ஒரு பேரினம் மட்டுமே.

அப்புறம், இது நம் ஊருக்கு மட்டும் சொந்தமான மருந்தும் கிடையாது. வட அமெரிக்காவின் மேய்ன் பகுதியில் வாழும் பெனோப்ஸ்காட் மக்களிடம் ஒரு கதை இருக்கிறது. ஒரு காலத்தில் கொள்ளைநோய் வந்து ஊரே அழிந்துகொண்டிருந்தது. யாருக்கும் மருந்து தெரியவில்லை. ஒரு மனிதனின் கனவில் நீரெலி ஒன்று வந்து, தான் ஒரு வேர் என்றும், எந்த இடத்தில் தன்னைத் தேடவேண்டும் என்றும் சொன்னது. அவன் விழித்தெழுந்து தேடிப்போய், அந்த வேரால் மருந்து செய்து தன் மக்களைக் காப்பாற்றினான். அந்த வேர் வசம்பின் அமெரிக்கச் சகோதரி. லக்கோட்டா மக்கள் அதற்கு வைத்த பெயருக்கும் நீரெலியின் உணவு என்றே பொருள். அவர்களுடைய போர்வீரர்கள் வேரை மென்று, எதிரியின் முன்னால் பயமும் பதற்றமும் வராமலிருக்க முகத்தில் பூசிக்கொண்டார்கள். வடக்கே பல பழங்குடிகளிடம் பாடகர்கள் தொண்டை கட்டாமலிருக்க இதைக் கடித்து வாயில் அடக்கிக்கொள்ளும் வழக்கம் இருந்தது.

கடலுக்கு இந்தப் பக்கம் பேச்சு, அந்தப் பக்கம் பாட்டு. ஒருவரை ஒருவர் அறியாத மக்கள் இருவரும் அதைக் குரலோடுதான் சேர்த்து வைத்தார்கள். இதற்கு எளிய காரணம் ஒன்று இருக்கிறது. சின்னத் துண்டைக் கடித்துப் பாருங்கள், முதலில் மணம், உடனே கடும் கசப்பு. கசப்பு நாக்கில் பட்டதும் வாயில் எச்சில் ஊறும், வறண்ட தொண்டை நனையும். மணமுள்ள எண்ணெய் மூக்குக்கும் ஏறும். பாடப் போகிறவருக்கு அந்த நிமிடத்தில் குரல் திறந்தது போல இருக்கும். பேச்சு தரும் வேர் என்ற எண்ணம் இப்படி ஒரு அனுபவத்திலிருந்து முளைத்திருக்கலாம் என்பது என் ஊகம்.

ஐரோப்பாவுக்கு இது கிழக்கிலிருந்து போனது. காய்ந்த துண்டுகளாக வணிகர்கள் கொண்டுபோனது பழைய கதை. உயிருள்ள செடியை 1574இல் வியன்னாவில் வளர்த்துப் பல ஊர்களுக்கும் அனுப்பிவைத்தவர் கரோலஸ் குளூசியஸ் என்ற தாவரவியலாளர். போலந்தில் இதற்குத் தத்தாரக் என்று பெயர், கிழக்கிலிருந்து வந்த தாத்தாரியர் என்ற மக்களை நினைவுபடுத்தும் பெயர். பெந்தெகொஸ்தே பண்டிகையின்போது அங்கே இதன் இலைகளால் வீட்டை அலங்கரிப்பார்கள். சர்க்கரைப் பாகில் போட்டு மிட்டாய் மாதிரி தின்றவர்களும் உண்டு.

ஐரோப்பாவில் குளக்கரை குளக்கரையாகப் பரவிய இந்தச் செடி அங்கே முளைக்கிற விதையே வைப்பதில்லை. உடைந்த தண்டுத் துண்டுகள் தண்ணீரில் மிதந்து போய் ஒட்டிய இடத்தில் வளர்கின்றன. அதற்கான காரணம் செல்லுக்குள் இருக்கிறது. வசம்பின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

வசம்பு இனத்தில் மரபுச் செய்தியைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டுக் கட்டியிருக்கின்றன. வட அமெரிக்கச் செடியில் இரண்டு கட்டு, மொத்தம் 24. ஐரோப்பியச் செடியில் மூன்று கட்டு, 36. நம் நாட்டில் மூன்று கட்டுச் செடியும் உண்டு, நான்கு கட்டு கொண்ட 48 குரோமோசோம் செடியும் உண்டு. விதை உண்டாக வேண்டுமானால் கட்டுகள் சரிபாதியாகப் பிரிய வேண்டும். மூன்றை எப்படிச் சரிபாதி பிரிப்பது? அதனால்தான் ஐரோப்பிய வசம்பு மலடாக நின்றுவிட்டது.

விஷயம் விதையோடு முடியவில்லை. வசம்பின் வாசனை எண்ணெயில் பீட்டா-அசரோன் என்று ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. இரண்டு கட்டு உள்ள அமெரிக்கச் செடியின் எண்ணெயில் அது இல்லை. மூன்று கட்டு உள்ள ஐரோப்பியச் செடியில் சுமார் பத்து சதவீத அளவில் இருக்கும். நான்கு கட்டுச் செடியிலோ எண்ணெயின் பெரும்பகுதியே அதுதான், தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. செடியைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கடைத் தட்டில் கிடக்கும் காய்ந்த துண்டைப் பார்த்தால் சுத்தமாகவே தெரியாது.

அசரோன் நமக்கு நல்லது செய்யும் இடத்தை முதலில் சொல்கிறேன். அரிசிப் பானையிலும் பருப்பு டப்பாவிலும் வசம்புத் துண்டு போட்டு வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. வண்டு வராது. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளைப் பூச்சியிடமிருந்து காக்க வசம்பு முதலிய மணப்பொருள்களை இடித்துத் துணியில் முடிந்து வைக்கும் முறை உண்டு. இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 1977இல் ஜம்மு ஆய்வகத்து விஞ்ஞானிகள் நேச்சர் இதழில் விடை வெளியிட்டார்கள். வசம்பு எண்ணெயிலுள்ள அசரோன் பூச்சிகளின் இனப்பெருக்கத்தையே முடக்கிப்போடுகிறது. வந்த வண்டு உடனே செத்துவிழாமல் போகலாம், ஆனால் அதன் வம்சம் பெருகாது. நம் ஓலைகள் இத்தனை காலம் பிழைத்து வந்ததில் இந்த வேருக்கும் பங்கு உண்டு.

பூச்சியின் உடலில் இவ்வளவு ஆழமாகக் கைவைக்கும் பொருள் நம் உடலைச் சும்மா விடுமா? அந்தக் கேள்விக்கு விடை அதற்கும் பத்து வருடம் முன்பே வந்துவிட்டது. ஜம்மு வசம்பு எண்ணெயைத் தீவனத்தில் கலந்து எலிகளுக்கு நீண்ட காலம் கொடுத்துப் பார்த்தபோது அவற்றின் சிறுகுடலில் புற்றுக்கட்டிகள் வந்தன. 1968இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் வசம்பையும் அதன் எண்ணெயையும் உணவில் சேர்க்கத் தடை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் கொண்டுவந்த விதிகளில் நான்கு கட்டு வசம்பைக் குறிப்பிட்டே வாசனைச் சேர்க்கைக்கு ஆகாது என்று விலக்கியது. மதுபானங்களில் பீட்டா-அசரோன் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்றும் வரம்பு வைத்தது.

கெடுதல் நடக்கும் விதம் இப்படி. அசரோன் உள்ளே போனதும் கல்லீரல் அதை வெளியேற்றப் பார்க்கிறது. எண்ணெயில் கரையும் பொருளைத் தண்ணீரில் கரைகிற மாதிரி மாற்ற, அதன் மேல் ஓர் ஆக்சிஜனை ஏற்றுகிறது. வழக்கமாக இது நல்ல உத்தி. ஆனால் அசரோன் மூலக்கூறின் வாலில் ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. ஆக்சிஜன் அங்கே போய் உட்கார்ந்தால் எபாக்சைடு என்ற முறுக்கேறிய முக்கோணம் உருவாகிறது. அது அமைதியாக இருக்காது, பக்கத்தில் கிடைத்ததைப் பற்றிக்கொள்ளும். பக்கத்தில் டிஎன்ஏ இருந்தால் அதையும் பற்றும். அப்படி ஒட்டிய இடத்தில் செல் படியெடுக்கும்போது எழுத்துப் பிழை விழும். பிழைகள் சேர்ந்தால் புற்று. சுத்தம் செய்யப் போன கல்லீரலே இங்கே நஞ்சைச் செய்துவிடுகிறது.

எலிக்குக் கொடுத்த அளவும் அம்மாச்சி கல்லில் இரண்டு இழைப்பு இழைத்த அளவும் ஒன்றில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் அது அநியாயம். அவர் வசம்பை அப்படியே கொடுக்கவும் மாட்டார். விளக்கெண்ணெய் விளக்கின் சுடரில் காட்டி, மேலெல்லாம் கரியாகும்வரை சுடுவார். அந்தக் கரியைத்தான் உரைகல்லில் தாய்ப்பால் விட்டு இழைப்பார். அசரோன் சுமார் 300 டிகிரி வெப்பத்தில் ஆவியாகும். சுடர் அதைவிடச் சூடு. ஆக, கரியான பகுதியில் எண்ணெய் பெரும்பாலும் பறந்துபோயிருக்கும். ஆயுர்வேதத்தில் வசம்பைக் கோமூத்திரத்திலும் மூலிகைக் கஷாயங்களிலும் வேகவைத்துச் சுத்தி செய்த பிறகே பயன்படுத்துவார்கள். வாந்தி எடுக்க வைக்கும் சிகிச்சையில் வசம்பைச் சேர்த்ததும் அவர்களே. ஆக, இதன் வேகம் பழையவர்களுக்குத் தெரியாமல் இல்லை. சுவீடனில் போதை வரும் என்று நம்பி வசம்பு தின்றுவிட்டு மருத்துவ உதவி தேடியவர்களில் முப்பது பேரை ஆராய்ந்தபோது, பெரும்பாலும் நிற்காத வாந்திதான் கண்டது.

முழுமையான நலம் என்று இன்று விளம்பரத்தில் வரும் சொல்லைப் பார்க்கும்போது எனக்கு அந்த உரைகல்தான் ஞாபகம் வரும். அந்த மரபில் வேர் தனியாக இல்லை. சுடுவது, இழைப்பது, எத்தனை இழைப்பு என்ற கணக்கு, கொடுத்த பிறகு மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கிழவி, எல்லாம் சேர்ந்ததுதான் மருந்து. இப்போது வேரை மட்டும் பிரித்து, சுடாமல், அரைத்து, தூளாக டப்பாவில் விற்கிறார்கள். ஞாபகசக்தி என்று மேலே எழுதியிருக்கிறது. அது இரண்டு கட்டா நான்கு கட்டா என்று எழுதியிருக்காது.

அப்படியானால் கைக்குழந்தைக்குச் சுட்டு இழைத்துக் கொடுக்கலாமா? வேண்டாம் என்பதே என் முடிவு. சுடரில் மேல்தோல் கரியானாலும் நடுத்தண்டு வேகாமல் இருக்கும், வீட்டில் அதை அளக்க வழியில்லை. பிறந்த குழந்தையின் கல்லீரலில் நஞ்சைக் கையாளும் நொதிகள் இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் வெறும் சம்பிரதாயம் இல்லை. தேன் விட்டு இழைப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: ஒரு வயதுக்குள் தேனே ஆகாது, அதில் இருக்கக்கூடிய கிருமி விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கலாம்.

என் தங்கைக்குக் குழந்தை பிறந்தபோது அம்மாச்சியிடம் இதையெல்லாம் சொன்னேன். குரோமோசோம் பற்றியும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நாக்குல வைக்கவேணாம்கிற, அவ்வளவுதானே?" என்றார். பிறகு துண்டுகளைத் துளையிட்டுக் கருப்புக் கயிற்றில் கோத்து வளையலாக்கினார். அதைக் குழந்தையின் கையில் போடப் போனவரிடம், "வாயில வச்சுச் சப்பும் அம்மாச்சி" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். எழுந்து போய்த் தூளிக் கயிற்றில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் அதைக் கட்டிவிட்டு வந்தார். கட்டி முடிக்கும்போது இருட்டிவிட்டது. "அது பத்திரமா இருக்கா பாரு" என்றார். எது என்று சொல்லவில்லை.