நைட்ரோ ட்ரக்கை மின்சாரத்துக்கு மாற்றுமுன்: பல்லும் பேட்டரியும்

தென்னாப்பிரிக்கக் கடலோர டர்பனில் டியூன் செய்த நைட்ரோ ட்ரக்கை, அதாவது நைட்ரோ எரிபொருளில் ஓடும் ரிமோட் கன்ட்ரோல் மாடல் வண்டியை, ஜோகன்னஸ்பர்க்குக்குக் கொண்டுபோனால், கார்புரேட்டர் ஊசியை மறுபடி திருக வேண்டியிருக்கும். அங்கே சுமார் 1,700 மீட்டர் உயரம். காற்று மெலிந்து கலவையில் எரிபொருள் மிகுந்துவிடும். மின்மோட்டாருக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் பழைய 1:8 சேசிஸை (நிஜ வண்டியின் எட்டில் ஒரு பங்கு அளவு அடிச்சட்டம்) மின்சாரத்துக்கு மாற்றக் கேட்டுப் பலர் பட்டறைக்கு வருகிறார்கள். அவர்களில் சிலர் வீட்டிலேயே முயன்று, எதையாவது கருக்கிவிட்டு வருகிறவர்கள். மோட்டாரைப் பொருத்துவது பெரிய வேலையில்லை. ஆளைக் கவிழ்ப்பவை பல்சக்கரமும் பேட்டரியும்தான்.

இன்ஜின், டேங்க், த்ராட்டில் சர்வோ (கார்புரேட்டரை அசைக்கும் சிறு மோட்டார்) எல்லாவற்றையும் கழற்றும்போது, ரிமோட் சிக்னலைப் பெறும் ரிசீவரின் பேட்டரியையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். இனி ரிசீவருக்கும் ஸ்டீயரிங் சர்வோவுக்கும் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கன்ட்ரோலரே மின்சாரம் தரும். முன், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியலில் இருக்கும் பிரேக் தட்டுகளும் வேண்டாம். ஆனால் அந்த இடத்தில் அதே கனத்துக்கு வளையம் போடாவிட்டால் தண்டு முன்னும் பின்னும் ஆடும். ஃப்ளைவீலுக்காக அடித்தட்டில் வெட்டியிருக்கும் ஓட்டையைத் தகடு வைத்து மூடுங்கள். கடற்கரை மணல் உள்ளே ஏறினால் முதலில் போவது பேரிங்குகள்.

இப்போது கணக்கு. 2200 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2200 சுற்று) மோட்டாருக்கு 4எஸ் லிப்போ (நான்கு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி), அதாவது 14.8 வோல்ட், கொடுத்தால் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 32,560 சுற்று. ஸ்பர் (தண்டிலுள்ள பெரிய பல்சக்கரம்) 46 பல், பினியன் (மோட்டாரிலுள்ள சின்னப் பல்சக்கரம்) 13 பல், டிஃபரன்ஷியல் விகிதம் 3.3, டயர் விட்டம் 14 செ.மீ. என்று வைத்தால் ஏட்டுக் கணக்கில் மணிக்குச் சுமார் 74 கி.மீ. வரும். இது போதும், தாராளமாகப் போதும். இதே அமைப்பில் 6எஸ் மாட்டினால் 48,840 சுற்று. கன்ட்ரோலர் தாங்கினாலும் ஸ்பர் பல்லும் டயரை ஒட்டிய பசையும் தாங்காது. சின்னப் பினியனில் தொடங்கி ஐந்து நிமிடம் ஓட்டி, மோட்டார் சூட்டை அளந்து, 80 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் மட்டும் ஒரு பல் கூட்டுங்கள். உயரமான ஊரில் மெலிந்த காற்று சூட்டைக் குறைவாகவே இழுக்கும். அங்கே அடிக்கடி அளக்க வேண்டும்.

பல்லிடைவெளிக்குச் செய்தித்தாள் துண்டு ஒன்று போதும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே அதை வைத்து, மோட்டாரை நெருக்கித் திருகை முடுக்கி, பிறகு உருவுங்கள். தாள் கிழியாமல் மடிப்பு மடிப்பாக வந்தால் சரி. ஸ்பரை முழுச் சுற்று சுற்றிப் பார்த்து, இறுகும் இடத்தில் இடைவெளியை வைக்க வேண்டும். பலர் விடுவது இதைத்தான். உலோகத்தில் இறங்கும் திருகுகளுக்கு நீல த்ரெட்லாக் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) போடுங்கள். மோட்டார் திருகு அளவுக்கு மேல் நீளமாக இருந்தால் உள்ளே சுருளில் குத்தி ஷார்ட் ஆகும். எரிந்த மோட்டார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் திருகு.

பேட்டரியின் சிவப்பு, கறுப்பு ஒயர் மாறினால் கன்ட்ரோலர் அந்த நொடியே போய்விடும். சென்சார் இல்லாத மோட்டார் பின்னோக்கிச் சுற்றினால் மூன்று ஒயரில் ஏதேனும் இரண்டை மாற்றினால் போதும்; சென்சார் உள்ளதில் அப்படிச் செய்யக் கூடாது. முதல் தடவை சக்கரங்கள் தரையைத் தொடாமல் தூக்கி வைத்துச் சோதியுங்கள். ரிமோட்டை முதலில் போட்டு, கடைசியில் அணையுங்கள்.

லிப்போவில்தான் உண்மையான ஆபத்து. 5000 எம்ஏஎச் பேட்டரிக்கு 5 ஆம்பியர், எல்லா செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜ், அதற்கு மேல் வேண்டாம். செல்லுக்கு 3.3 வோல்ட்டில் கட்ஆஃப் (கன்ட்ரோலர் மோட்டாரை நிறுத்தும் அளவு) வையுங்கள். ஓட்டாத நாட்களில் 3.8 வோல்ட்டில் வைத்திருங்கள். மின்வெட்டு நேரத்தில் சார்ஜரை மாட்டி, 'கரண்ட் வந்ததும் தானாக ஏறட்டும்' என்று படுக்கப் போவது நம்மவர்களின் கெட்ட பழக்கம். மின்சாரம் திரும்பும்போது வோல்டேஜ் எகிறிச் சார்ஜரைக் கெடுக்கலாம். கெட்ட சார்ஜர் எப்போது நிறுத்துவது என்று அறியாது. விழித்திருக்கும்போதே, டைல்ஸ் தரையில், பக்கத்தில் ஒரு வாளி மணலோடு ஏற்றுங்கள். தீப்பிடித்தால் அந்தப் புகை நச்சு. ஊதி அணைக்க நிற்காமல் வீட்டில் உள்ளவர்களை வெளியே அனுப்புங்கள். உப்பிய பேட்டரியைக் குத்திக் காற்றை விடாதீர்கள், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். டர்பன் வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் நல்ல பேட்டரியைக்கூட விட்டுவிட்டுப் போக வேண்டாம்.