ட்யூன், லோடு: வால்வு பெருக்கியில் இரண்டு குமிழ்கள் எதற்கு?

ரேடியோ அலையை வலுவாக்கி ஆன்டெனாவுக்கு அனுப்புவது பெருக்கி. டிரான்சிஸ்டர் பெருக்கியில் சுவிட்சைப் போட்டதும் பேசத் தொடங்கலாம். வால்வு (வெற்றிடக் குழாய்) பெருக்கியில் மட்டும் அலைவெண் பட்டை மாறும்போதெல்லாம் ட்யூன், லோடு என்று இரண்டு குமிழ்களைத் திருக வேண்டியிருக்கிறதே, ஏன்? ஹாம் ரேடியோ என்ற பொழுதுபோக்கு வானொலிக்குப் புதிதாக வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

3-500இசட் என்ற கண்ணாடி வால்வை எடுத்துக்கொள்வோம். சூடேறி எலக்ட்ரான்களை விடும் இழைக்கு 5 வோல்ட், 14 ஆம்பியருக்குச் சற்று மேல். அவற்றை ஈர்க்கும் பிளேட்டுக்கு 2,500 வோல்ட், முழு வீச்சில் 400 மில்லி ஆம்பியர். ஆக, உள்ளே போவது 1,000 வாட். அதில் சுமார் 600 வாட் ரேடியோ அலையாக வெளியேறும். மிச்சம் பிளேட்டைச் சிவக்க வைக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்துப் பதற வேண்டாம். பிளேட்டின் மேல் உள்ள சிர்கோனியம் பூச்சு சூடேறினால்தான் வால்வுக்குள் மிஞ்சியிருக்கும் வாயுவை உறிஞ்சும்.

இந்த வால்வு எதிர்பார்க்கும் சுமை எவ்வளவு? பிளேட் வோல்ட்டை, மின்னோட்டத்தின் 1.6 மடங்கால் வகுத்தால் தோராயமான விடை கிடைக்கும்: 2,500 ÷ (1.6 × 0.4), அதாவது ஏறக்குறைய 3,900 ஓம். ஆன்டெனா கேபிளோ 50 ஓம். 78 மடங்கு வித்தியாசம். டிரான்சிஸ்டர் குறைந்த வோல்ட்டில் நிறைய ஆம்பியர் ஓட்டுவதால் அதன் சுமை சில ஓம்தான். ஃபெரைட்டில் சுற்றிய ஒரு டிரான்ஸ்ஃபார்மரே எல்லாப் பட்டைக்கும் போதும். 3,900 ஓமில் வால்வின் சொந்த மின்கொள்ளளவே அந்த வழிக்குக் குறுக்கே நிற்கிறது. அதனால்தான் π எழுத்து வடிவிலான 'பை' சுற்று: இரு கால்களும் மின்தேக்கிகள், மேலே படுத்திருப்பது கம்பிச்சுருள்.

7 மெகாஹெர்ட்ஸில், கியூ மதிப்பை (வால்வு தருவதைப்போல் எத்தனை மடங்கு மின்னோட்டம் சுற்றுக்குள் ஆடுகிறது என்பதை) 12 என்று வைத்தால் பிளேட் பக்கம் 70 பிகோஃபாரட், சுருள் 7.9 மைக்ரோஹென்றி, ஆன்டெனா பக்கம் 420 பிகோஃபாரட் வரும். முதல் மின்தேக்கிதான் ட்யூன், கடைசி லோடு. அந்த 70-இல் வால்வின் உள் கொள்ளளவும் சேர்ந்திருக்கிறது.

இந்த மூன்று உறுப்புகள் செய்யும் வேலை அழகானது. ஏபி வகுப்பு என்ற இயக்க முறையில் வால்வு ஒவ்வொரு சுழற்சியிலும் பாதிக்குச் சற்று அதிகமான நேரமே மின்னோட்டத்தை விடுகிறது. மற்ற நேரம் அடைத்துக்கிடக்கிறது. ஆனாலும் ஆன்டெனாவுக்குப் போவது முழுச் சைன் அலை. விட்டுப்போன பகுதியை நிரப்புவது சுருளும் மின்தேக்கிகளும்தான். ஊஞ்சலை ஒரு பக்கம் மட்டும் தள்ளினாலும் மறுபக்கம் தானே போய்வருவதைப் போல. 3,900 ஓமில் 600 வாட் என்றால் 1,530 வோல்ட். வால்வு தரும் ரேடியோ மின்னோட்டம் 0.4 ஆம்பியர்தான். ஆனால் ட்யூன் மின்தேக்கியின் எதிர்ப்பு 325 ஓம். 1,530-ஐ 325-ஆல் வகுத்துப் பாருங்கள்: 4.7 ஆம்பியர்! தள்ளுவதைப்போல் 12 மடங்கு மின்னோட்டம் சுருளுக்கும் மின்தேக்கிக்கும் இடையே ஆடிக்கொண்டிருக்கிறது. சுருளைத் தடித்த செம்பில் சுற்றுவது இதற்காகத்தான். அலை போய்க்கொண்டிருக்கும்போது பட்டைச் சுவிட்சைத் திருப்பினால் தொடுமுனைகள் தீப்பொறி பறந்து கருகுவதும் இதனால்தான்.

சரியாகத் திருகியிருக்கிறோமா என்பதை, இழைக்கும் பிளேட்டுக்கும் நடுவே உள்ள கிரிட் என்ற கம்பிவலையின் மின்னோட்டம் காட்டிக்கொடுக்கும். பிளேட்டின் ஆட்டம் உச்சத்தில் 2,160 வோல்ட். 2,500-இலிருந்து அது கீழே இறங்கும்போது பிளேட்டில் மிஞ்சுவது 340 வோல்ட் அளவுதான். லோடு போதாவிட்டால் ஆட்டம் இன்னும் பெரிதாகும், பிளேட் இன்னும் தாழும். அந்தக் கணத்தில் எலக்ட்ரான்கள் பிளேட்டுக்குப் போகாமல் கிரிட்டை நோக்கி ஓடும். கிரிட்டோ மெல்லிய கம்பி. இந்த வால்வில் 20 வாட் வெப்பத்துக்கு மேல் அது தாங்காது. ஆன்டெனாவை மாட்டாமல் முழு வீச்சில் இயக்கினால் கிரிட் முள் துள்ளும், ட்யூன் தகடுகளுக்கிடையே தீப்பொறி பாயும்.

எனவே முதலில் குறைந்த உந்துதலில் (பெருக்கிக்குள் செலுத்தும் அலையின் வலுவில்), ஒரு தடவைக்கு 10 நொடிக்குமேல் போகாமல் தொடங்குங்கள். வெளியீடு உச்சம் தொடும்வரை ட்யூன். பிளேட் மின்னோட்டம் பள்ளத்தில் விழும் இடமும் அநேகமாக அதுவே. பிறகு லோடு, மறுபடி ட்யூன். உந்துதலைப் படிப்படியாக ஏற்றி இதையே திரும்பச் செய்யுங்கள். கிரிட் மின்னோட்டம் பிளேட்டின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் லோடு மின்தேக்கியைக் குறைக்க வேண்டும். கிரிட் முள் படுத்துவிட்டு, பிளேட் மின்னோட்டம் ஏறியும் வெளியீடு சரிந்தால் அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டீர்கள்.

வால்வு வழியாகப் போனால் குரலுக்குத் தனி இனிமை வரும் என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். அது வெறும் நம்பிக்கை. ஒழுங்காகச் சரிசெய்த இரண்டு பெருக்கிகளைக் கேட்பவரால் பிரித்தறிய முடியாது. வால்வின் உண்மையான பெருமை பொறுமை: டிரான்சிஸ்டரை நொடிப்பொழுதில் கொன்றுவிடும் தவறை இது சில நொடிகள் தாங்கிக்கொள்ளும்.

2,500 வோல்ட் மட்டும் மன்னிக்காது. பிளேட்டுக்கும் 'பை' சுற்றுக்கும் நடுவே நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும் 1,000 பிகோஃபாரட் மின்தேக்கி பழுதானால் அத்தனை வோல்ட்டும் ஆன்டெனா கம்பிக்குப் போய்விடும். அதனால் வெளியீட்டிலிருந்து பெட்டியின் உடலுக்கு 2.5 மில்லிஹென்றி சோக் (கம்பிச்சுருள்) ஒன்று கட்டாயம் வேண்டும். மின்தேக்கி பழுதானால் அந்தச் சோக் வழியாக ஃபியூஸ் போய்விடும், ஆள் பிழைப்பார்.

சரியான இடம் கிடைத்ததும் இரண்டு குமிழ்களின் எண்களையும் பட்டைவாரியாக எழுதிப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். ஒருநாள் அதே அலைவெண்ணில் லோடு வேறு எண்ணில் போய் நின்றால், பெருக்கியைத் திறக்கும் முன் ஆன்டெனாவையும் கேபிள் இணைப்புகளையும் பாருங்கள். மழைநீர் இறங்கிய இணைப்பு 50 ஓமாக இருக்காது. அதை முதலில் சொல்வது அந்தக் குமிழ்தான்.