பிளாட்பாரத்திலிருந்து காப்பகம் வரை: இடையில் அறுந்துபோகும் இடங்கள்

இரவு பத்து மணிக்கு மேல் சென்னையில் பாரிமுனை, யானைகவுனி, சென்ட்ரல் பக்கம் நடந்தால், பிளாட்பாரத்தில் படுத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். அவர்களில் மூட்டை தூக்குபவர் இருப்பார். தலைமுறைகளாக அதே தெருவில் குடும்பம் நடத்துபவர்கள், பிள்ளைகள் கைவிட்ட முதியவர், கணவரை அரசு மருத்துவமனையில் சேர்த்துவிட்டுக் காத்திருக்கும் பெண், மனநோயால் சொந்த ஊரைச் சொல்ல முடியாதவர் என்று பலரும் இருப்பார்கள். ஒவ்வொருவரும் போக வேண்டிய இடம் வேறு. அதை விசாரிக்காமல் வண்டியில் ஏற்றி வீடற்றோர் காப்பகத்தில் விட்டால், பலர் சில நாளிலேயே பழைய இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள்.

நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு வீடற்றோருக்கான ஒரு காப்பகம், ஆண்டு முழுதும் இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டது. சென்னையில் மாநகராட்சி தொண்டு நிறுவனங்கள் வழியாக இவற்றை நடத்துகிறது. ஆண், பெண், சிறுவர், முதியோர், நோயாளிகளுடன் வந்தவர்கள் என்று தனித்தனிக் காப்பகங்கள். குடும்பமாக இருப்பவர்கள் வர மறுப்பதற்கு இதுவே பெரிய காரணம். கணவர் ஓரிடம், மனைவியும் குழந்தைகளும் வேறிடம் என்றால் யார் சம்மதிப்பார்கள்? இதை அழைப்பதற்கு முன்பே நேராகச் சொல்லிவிட வேண்டும்.

காப்பகத்துக்கு அழைக்கும் முதல் பேச்சுக்கு, அவர்கள் தூங்கும் முன் போங்கள், தூங்குபவரை எழுப்பாதீர்கள். நின்றபடி பேசாமல் உட்கார்ந்து பேசுங்கள். போட்டோ எடுக்காதீர்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் நான்கு கேள்விகள்: மூட்டையை எங்கே வைப்பது, வண்டியை எங்கே நிறுத்துவது, விடிகாலை மூன்று மணிக்குக் கோயம்பேடு சந்தை வேலைக்குக் கதவு திறப்பார்களா, வேண்டாம் என்றால் வெளியே விடுவார்களா. கடைசிக் கேள்விக்குப் பின்னால் பிச்சைக்காரர் என்று பிடித்துப்போய் அடைத்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கிறது. பகலில் ஒருமுறை கூட்டிப்போய் இடத்தைக் காட்டினால் இந்தப் பயம் பெருமளவு போய்விடும். முகவரி எழுதிய சீட்டைக் கொடுத்து அனுப்பினால் போய்ச் சேர்பவர் மிகக் குறைவு, அதனால் கூடவே போக வேண்டும்.

குழப்பமாகப் பேசுகிறார் என்றதும் மனநோய் என்று முடிவு கட்டாதீர்கள். காய்ச்சல், சர்க்கரை குறைவு, தலையில் அடி ஆகியவையும் அப்படியே காட்டும். முதலில் 108ஐ அழைத்துப் பொது மருத்துவமனைக்கு. தினமும் குடித்தவர் காப்பகத்துக்கு வந்து திடீரென்று நிறுத்தும்போது, முதல் இரண்டு நாட்களுக்குள் கை நடுக்கம், வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்துப் பிதற்றலும் வரலாம். இது உயிருக்கே ஆபத்து. ‘தகராறு செய்கிறார்’ என்று வெளியே அனுப்பப்படுபவர்களில் சிலர் உண்மையில் இந்த நிலையில் இருப்பவர்கள். சேர்க்கும்போதே குடிப்பழக்கத்தைக் கேட்டு மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

மனநோய்தான் என்று தோன்றினால், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவு கைகொடுக்கும். தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமல் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது காவல் நிலையத்தின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். ‘சொந்தக்காரரை அழைத்து வாருங்கள்’ என்று நிலையத்தில் சொன்னால், பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் மனு கொடுங்கள்.

அடுத்தது ஆவணம். இங்கேதான் மாதக்கணக்கில் இழுக்கும். ஆதார் தொலைந்துவிட்டது என்பவருக்குப் புதிதாக விண்ணப்பிக்கக் கூடாது. ஏற்கெனவே பதிந்தவர் என்றால் கைரேகை பொருந்தி, புதிய விண்ணப்பம் நிராகரிக்கப்படும். ஆதார் சேவை மையத்தில் கைரேகை அல்லது கருவிழி வைத்துப் பழைய எண்ணைத் தேடச் சொல்லுங்கள். சிமெண்டு, மூட்டை வேலை செய்தவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும், கருவிழிதான் உதவும். ஒருபோதும் பதியாதவர் என்றால், அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் புகைப்படத்துடன் தரும் சான்றிதழ் ஏற்கப்படும். பிறகு வங்கிக் கணக்கு, அதன் பிறகு முதியோர் உதவித்தொகை. மாதம் 1200 ரூபாய், வயது 60. ஆதாரில் பிறந்த ஆண்டு தவறாக இருந்தால் மனு தள்ளுபடியாகும், அதனால் விண்ணப்பிக்கும் முன்பே திருத்துங்கள். வீடற்றவரின் வாக்காளர் அட்டைக்கு முகவரிச் சான்று தேவையில்லை. படிவம் 6 கொடுத்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து அவர் அங்கே தூங்குகிறாரா என்று பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்பதே தேர்தல் ஆணைய விதி. எல்லாவற்றுக்கும் ஒரு நகலைக் காப்பகத்தில் வையுங்கள். மழையிலும் அப்புறப்படுத்தலிலும் முதலில் போவது காகிதம்தான்.

வீடு என்று வரும்போது, நடைபாதைக் குடும்பங்களுக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பெரும்பாக்கம், கண்ணகி நகர் குடியிருப்புகள் கிடைப்பதுண்டு. வீடு ஒதுக்குவதற்கான கணக்கெடுப்பு நாளில் வேலைக்குப் போனவர் பட்டியலிலேயே இருக்கமாட்டார், ஆகவே தேதியை முன்பே தெரிவியுங்கள். பாரிமுனையில் பூ விற்பவருக்குப் பெரும்பாக்கத்திலிருந்து வந்துபோகும் நேரமும் பஸ் கட்டணமும் வருமானத்தைத் தின்றுவிடும். வேலை, பள்ளி இரண்டும் ஏற்பாடாகாமல் சாவி கொடுத்தால் வீடு பூட்டிக் கிடக்கும். மனநோயிலிருந்து மீண்டவர்கள் நான்கைந்து பேராக, ஒரு உதவியாளருடன் சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் வாழும் முறையைத் தி பான்யன் அமைப்பு பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. தனியாள்களுக்கு நாங்கள் பார்த்தவரை இதுவே நல்ல வழி.

தெருவில் ஒருவரைப் பார்த்தால் மாநகராட்சியின் 1913ஐ அழையுங்கள். குழந்தை என்றால் 1098, முதியவர் என்றால் 14567, ஆபத்தில் இருக்கும் பெண் என்றால் 181. இடத்தைக் கடையின் பெயரோடு சொல்லுங்கள். ஆணா பெண்ணா, உத்தேச வயது, நடக்க முடிகிறதா, காயம் உண்டா, என்ன மொழி பேசுகிறார் என்பதையும் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் குழு வரும்வரை அவர் அருகில் இருங்கள். அவர் இடம் மாறிவிட்டால் வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள்.