அரசியல் பாட்டு எழுதும் தம்பிகளே, கிடாரைக் கொஞ்சம் குறையுங்கள்

இந்த வருடத்தில் இது ஐந்தாவது குழு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் ரெக்கார்டிங் அறைக்கு டோங்காட்டிலிருந்து நான்கு பையன்கள் வந்தார்கள். "அங்கிள், பொலிட்டிக்கல் ராக்" என்று வாசித்துக் காட்டினார்கள். ஊழல், மின்வெட்டு, வேலையின்மை, போலீஸ், நிறவெறி எல்லாமே அதில் இருந்தன. கோரஸ் முழுக்க "எழுந்து நில்" என்ற ஒரே கத்தல். எதைப் பற்றிய பாட்டு என்று கேட்டேன். "எல்லாத்தையும் பத்தி, அங்கிள்."

முப்பது வருடமாக மிக்ஸிங், அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவாகச் சேர்க்கும் வேலை, செய்கிறேன். சத்தம் ஏறினால் கோபம் ஏறும் என்ற இந்தப் பையன்களின் நினைப்பை மட்டும் என்னால் ஒழிக்க முடியவில்லை. சத்தம் ஏறினால் சொல் கேட்காமல் போகும்; தமிழ் படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரிய வேண்டும். உயிரெழுத்து குரலைத் தரும், மெய்யெழுத்துதான் சொல்லைப் பிரித்துக் காட்டும். மெய்யொலிகள் மெல்லியவை. அவற்றின் தெளிவில் பெரும்பங்கு 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண் பகுதியில் இருக்கிறது. டிஸ்டார்ஷன் போட்டு ஒலியைக் கரகரப்பாக்கிய கிடாரும் அதே இடத்தில்தான் வந்து உட்காரும். போதாததற்குக் கத்தும்போது உயிரொலிதான் பெருகும், மெய்யொலி அந்த அளவுக்குப் பெருகாது. கடைசியில் கேட்பவனுக்கு "ஆ... ஓ..." மட்டும் மிஞ்சும். உடனே "மைக்கை ஏத்துங்க அங்கிள்" என்பார்கள். மைக் ஏறினால் கிடார்காரன் தன் ஒலிபெருக்கியான ஆம்பை ஏற்றுவான், டிரம்மர் இன்னும் ஓங்கி அடிப்பான். என்ன அநியாயம் நடந்தது என்று சொல்லத்தானே பாட்டு? அந்தச் சொல்லே கேட்காவிட்டால் எதற்கு இத்தனை பாடு?

1987ல், நிறவெறி அரசின் நெருக்கடி நிலை இங்கே நடந்துகொண்டிருந்தபோது, பிரைட் ப்ளூ என்ற கேப்டவுன் குழு ஒரு பாட்டு வெளியிட்டது. வீட்டுக்குள் ஒரு பூதத்தை அடைத்து வைத்துக்கொண்டு, அதற்குப் பயந்தே வாழும் ஒரு மனிதனின் கதை. அரசின் பெயரே அதில் வராது. அடியில் மட்டும், அன்றைய ஆட்சிக்கு ஆகாத, விடுதலைப் போராட்டப் பாடலான 'இன்கோசி சிகெலேல்' மெட்டு மெதுவாக இழையும். அரசு வானொலியே அதை ஒலிபரப்பியது! ஒரு கதை, ஒரு மெட்டு, கேட்கிற குரல், அவ்வளவுதான்.

அந்தப் பையன்களிடம் வேறு மாதிரி கேட்டேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லையே, அப்போது வீட்டில் என்ன நடந்தது? டிரம்மர் தயங்கித் தயங்கிச் சொன்னான்: தண்ணீர் லாரி வந்ததும் ஆயா முதல் செம்பை சாமி அறைக்கு எடுத்து வைப்பார்கள், அப்புறம்தான் சமையலுக்கு. தம்பி, பாட்டு அங்கே இருக்கிறது. வரிகளில் அந்தச் செம்பு வரட்டும். அந்த இடத்தில் கிடார் வேண்டாம், பேஸும் டிரம்ஸும் போதும். கோரஸில் கிடாரை அவிழ்த்து விடுங்கள்.

சரி, மற்றவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். கவுன்சிலர் பெயரைப் பாட்டில் போடாதீர்கள். இந்த நாட்டில் அவதூறு வழக்கு வந்தால் சொன்னது உண்மை என்பது மட்டும் போதாது, பொதுநலனுக்காகச் சொன்னது என்றும் காட்ட வேண்டும். வரி யாருடையது, மெட்டு யாருடையது, யாருக்கு எத்தனை சதவீதம் என்று பாட்டு முடிந்த அன்றைக்கே எழுதி நால்வரும் கையெழுத்துப் போடுங்கள். பாட்டுக்கான உரிமைத்தொகையை வசூலித்துத் தரும் சாம்ரோ அமைப்பில் பதியும்போது அதே கணக்கைக் கொடுங்கள். நட்பு முறிந்த பிறகு என்னிடம் வந்து சாட்சி கேட்காதீர்கள். தொண்டை கரகரத்தால் அன்றைக்குப் பாடவே கூடாது. ஒத்திகையில் காதடைப்பான் இல்லாமல் நிற்காதீர்கள், கெட்ட காது திரும்பி வராது.

சனிக்கிழமை மறுபடி வருகிறோம் என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். வரிகளைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள், தம்பி. ஆம்ப் வீட்டிலேயே இருக்கட்டும். முதல் நாளுக்கு ஒரு சாதா கிடார் போதும்.