நானோ இழை பேட்ச்: ஒட்டும் முன் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

தோல் நோய் ஆறாமல் இழுத்துக்கொண்டே போவதற்குப் பல நேரம் மருந்து காரணமாக இருப்பதில்லை, அது தோலில் தங்காததுதான் காரணம். எக்ஸிமாவுக்காக முழங்கை மடிப்பில் இரவு பூசிய ஆயின்மென்ட், காலையில் சட்டைக் கையிலும் போர்வையிலும் இருக்கும். பிசுபிசுப்பு பிடிக்காமல் பேருக்குத் தடவுகிறவர்களும் உண்டு, அரிப்பு தாங்காமல் நினைத்தபோதெல்லாம் அப்புகிறவர்களும் உண்டு. தோல் மருத்துவராக இரண்டு வகையினரையும் தினமும் பார்க்கிறேன். மருந்தை வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்துக்கு நிறுத்திவைக்க ஆய்வகங்கள் முயலும் வழிகளில் ஒன்றுதான் மின்நூற்பில், அதாவது மின்னழுத்தத்தால் மெல்லிய இழை இழுக்கும் முறையில், செய்த பாலிமர் (பிளாஸ்டிக் போன்ற நீள்சங்கிலிப் பொருள்) இழை பேட்ச். 'நானோ பேட்ச் வந்துவிட்டதாமே டாக்டர், எனக்கும் எழுதித் தாருங்கள்' என்று நோயாளிகளே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

செய்முறை பார்க்கவே அழகு. சிரிஞ்சில் பாலிமர் கரைசல், அதிலேயே மருந்தும் கலந்திருக்கும். ஊசி முனைக்கும், 10 முதல் 20 செ.மீ. தள்ளி வைத்த உலோகத் தகட்டுக்கும் இடையே பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம். முனையில் தொங்கும் சொட்டு மெல்லக் கூம்பாக இழுபடும். அந்தக் கூம்பின் நுனியிலிருந்து ஒரு தாரை கிளம்பி, காற்றில் வேகமாகச் சுழன்று மெலிந்துகொண்டே போகும். கரைப்பான் வழியிலேயே ஆவியாகிவிட, தகட்டில் வெள்ளையாக ஓர் இழைப்படலம் படியும். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரோமீட்டர். இந்த இழைகள் சில மைக்ரோமீட்டரிலிருந்து அதற்கும் மிகக் கீழே, சில நூறு நானோமீட்டர் (ஆயிரம் நானோமீட்டர் ஒரு மைக்ரோமீட்டர்) வரை போகும். ஏதோ நேற்று வந்த நுட்பம் என்று நினைக்க வேண்டாம், அன்டன் ஃபார்ம்ஹால்ஸ் 1934-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

இழை மெலிய மெலிய, அதே எடைக்கு மேற்பரப்பு கூடும். இழைகளுக்கு நடுவே நிறைய வெற்றிடம் இருப்பதால் வியர்வை ஆவி வெளியேறும், பிளாஸ்டிக் தாள் சுற்றியதுபோல் தோல் ஊறிப்போகாது. அந்த வெற்றிடங்களில் எண்ணெயையும் ஏற்றலாம். போலந்தில் கிராக்கோவின் ஏஜிஹெச் பல்கலைக்கழகத்தில் உர்சுலா ஸ்டாகெவிச் குழுவினர் இப்படி எண்ணெய் ஏற்றிய இழைப் பட்டைகளை, வறண்டு அரிக்கும் எக்ஸிமா தோலுக்காக ஆராய்ந்திருக்கிறார்கள்.

சரி, சிக்கல் எங்கே? மருந்து இழையின் மேற்பரப்பிலேயே அதிகம் தங்கிவிட்டால், ஈரம் பட்டதும் பெரும்பகுதி ஒரேயடியாக வெளியே வந்துவிடும். மெதுவாக விட வேண்டிய பேட்ச், முதல் சில மணி நேரத்திலேயே காலி. அதனால்தான் மருந்தை உள்ளே வைத்து மேலே இன்னொரு பாலிமர் உறை போட்ட இழைகளையும் நூற்கிறார்கள். சில பாலிமர்களைக் கரைக்கக் குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான்கள் தேவை. அவற்றின் மிச்சம் பேட்ச்சில் தங்கக் கூடாது, அதைச் சோதிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு.

இந்த நுட்பம் மனிதர்களிடம் நன்றாகச் சோதிக்கப்பட்ட ஓர் உதாரணம் தோலில் இல்லை, வாய்க்குள் இருக்கிறது. லைக்கன் பிளானஸ் என்ற அழற்சி நோயால் வாயில் வரும் புண்களுக்கு குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு ஏற்றிய ரிவெலின் பேட்ச் அது. உள்பக்க அடுக்கு ஈரமான சவ்வில் ஒட்டிக்கொள்ளும், வெளி அடுக்கு தண்ணீரை ஒதுக்கும். மருந்து எச்சிலில் கரைந்தோடாமல் புண்ணை நோக்கியே போகும். இரண்டாம் கட்ட ஆய்வில், மருந்தில்லாத பேட்ச்சைவிட இதில் புண்ணின் பரப்பு நன்றாகக் குறைந்தது. எச்சில் ஊறும் இடத்திலேயே நிற்கிறது என்பதால் எனக்கு இதன் மேல் ஒரு மரியாதை உண்டு. ஆனால் வாய்ச் சவ்வு மருந்தை எளிதில் உள்ளே விடும். தோலின் மேலடுக்கு அப்படியில்லை, பெரிய மூலக்கூறுகளை அநேகமாகத் தடுத்துவிடும். இழை எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் இந்தக் கதவு தானாகத் திறக்காது. 'நானோ இழையில் கொலாஜன், தோலுக்குள் ஆழமாக இறங்கும்' என்ற விளம்பரத்தைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள், கொலாஜன் என்ற புரதமும் அப்படிப் பெரிய மூலக்கூறுதான்.

குழப்பிக்கொள்ளக் கூடாத சிலவும் உண்டு. பருவுக்கு ஒட்டும் சின்ன வட்டப் பேட்ச்சுகள் பெரும்பாலும் கசிவை உறிஞ்சும் ஹைட்ரோகொலாய்டு. நிகோடின் பேட்ச்சின் வேலை மருந்தை ரத்தத்துக்கு அனுப்புவது, தோலுக்கு வைத்தியம் பார்ப்பதல்ல.

நான் கவலைப்படுவது ஸ்டீராய்டைப் பற்றித்தான். பேட்ச் வடிவில் வந்துவிட்டால் அதை மருந்தாகவே யாரும் நினைப்பதில்லை. எந்த ஸ்டீராய்டையும் மூடிவைத்தால் அது உள்ளே இறங்குவது கூடும். முகம், அக்குள், தொடை இடுக்கு போன்ற மெல்லிய தோலில் நாள்கணக்கில் ஒட்டினால் தோல் சன்னமாகும், கோடு விழும், ரத்த நாளங்கள் தெரியும். எனவே யாராவது பேட்ச் கொடுத்தால் மருந்தின் பெயர், ஒரு பேட்ச்சில் எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஒட்ட வேண்டும், எத்தனை நாளில் நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். உறையிலேயே மருந்தின் பெயர் இல்லையென்றால் வாங்க வேண்டாம். சீழ், தேன் நிறப் பொருக்கு, காய்ச்சல், வேகமாகப் பரவும் சிவப்பு இருந்தால் எந்தப் பேட்ச்சையும் போட்டு மூடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம்பகமான தோல் பேட்ச் கைக்கு வரும்வரை, மருத்துவர் எழுதித் தந்த ஆயின்மென்ட் டியூபையே அளவோடு பயன்படுத்தலாம். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை (விரல்களையும் சேர்த்து) அளவு தோலுக்கு அது போதும். பூசியதும் கொஞ்ச நேரம் விட்டு, அப்புறம் சட்டையை மாட்டுங்கள்.